அழறது ஒருத்தன், ஆடுறது மொத்த வீடும்

எங்க வீட்ல சின்னவன் தரையில விழுந்து கத்த ஆரம்பிச்சா முதல்ல ஓடி வர்றது எங்க அம்மா. "யாருடா என் தங்கத்த அழ வச்சது, இந்தத் தரையா, இரு அத ரெண்டு சாத்து சாத்துறேன்"னு சொல்லி தரைய அடிப்பாங்க. பின்னாடியே எங்க அப்பா, கையில இருக்கிற போன்ல யூட்யூப் ஏற்கனவே ஓப்பனாகி இருக்கும். அடுப்படியில இருந்து என் வொய்ஃப் "யாரும் எதுவும் குடுக்காதீங்க, விடுங்க, தானா அடங்குவான்"னு குரல் குடுப்பா. மாடி வீட்டு அக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்து "தம்பி, அழுதா பூச்சாண்டி வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான் பாத்துக்க"ம்பாங்க. நடுவுல நான், எங்கயோ படிச்சத ஞாபகப்படுத்திக்கிட்டு அவன் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து "என்ன ஆச்சு, சொன்னாதான அப்பாவுக்குத் தெரியும், சொல்லு, என்ன வேணும்"னு கேள்வி மேல கேள்வியா கேட்டுட்டு இருப்பேன். அவனுக்கு வயசு மூணரை. ஒரே நேரத்துல தரைக்கு அடி விழுது, போன்ல பாட்டு ஓடுது, பூச்சாண்டி வந்துட்டு இருக்கான், அப்பா இன்டர்வியூ எடுக்கிறாரு. அந்த எடத்துல நான் இருந்தாலும் கத்தத்தான் செய்வேன்.

குழந்தைங்க அடம் பிடிக்கிறதப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் அம்மா அப்பா பொறுமையா இருக்கணும்னு எழுதுறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அத எல்லாம் படிச்சா ஒரு அம்மா ஒரு அப்பா ஒரு குழந்தை, வேற ஈ காக்கா கெடையாதுங்கற மாதிரி ஒரு வீடுதான் கண்ணுக்குத் தெரியுது. நம்ம வீடு அப்படியா இருக்கு. நான் பொறுமையா இருந்து என்ன புண்ணியம், எனக்குப் பின்னாடி தாத்தா மிட்டாயோட நிக்கிறாரே. அதனால என்னக் கேட்டா இந்தப் பொறுமையப் போய் ஒரு குணமா பாக்கிறத விட்டுட்டு வீட்டு ஏற்பாடா பாக்கணும். யார் பேசுறது, யார் விலகி நிக்கிறது, எத குடுக்கலாம் எத குடுக்கக் கூடாதுங்கறத அவன் அழாத நேரத்துல உக்காந்து பேசி வச்சுக்கணும். அழ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பேசினா அது நமக்குள்ள சண்டையாதான் முடியும், அவன் அழுகைய நிறுத்திட்டு வேடிக்க பாப்பான், அது தனிக் கத.

முதல்ல ஒரு விஷயம். இந்த அழுகை எவ்ளோ நேரம் இருக்கும்னு நினைக்கிறீங்க? நமக்கு ஒரு யுகம் மாதிரி தெரியும். அமெரிக்காவுல மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன்னு ரெண்டு பேர் ஒன்றரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருக்கிற 335 குழந்தைங்களோட பெத்தவங்கள கேட்டு, அடம் எப்ப ஆரம்பிச்சுது, எதுல ஆரம்பிச்சுது, கத்தினானா உதைச்சானா அழுதானா, எப்ப முடிஞ்சுதுன்னு நிமிஷக் கணக்கா வாங்கிப் பாத்து 2003ல வெளியிட்டாங்க. முக்கால்வாசி அடம் அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சு போயிருக்கு. யாரும் எதுவும் பண்ணாட்டியும் முடியுற சமாச்சாரம் அது. ராத்திரி கரண்ட் போனா ஒருத்தர் மெயின போட்டுப் பாப்பாரு, ஒருத்தர் ஃபியூஸ தொட்டுப் பாப்பாரு, இன்னொருத்தர் சும்மா எல்லா சுவிட்சையும் தட்டிட்டு இருப்பாரு, அதுக்குள்ள ஈபி-ல சரி பண்ணி கரண்ட் வந்துடும், கடைசியா சுவிட்ச தட்டினவரு தன்னாலதான் வந்துச்சுன்னு உக்காந்துப்பாரு பாத்திருக்கீங்களா? எங்க அப்பா போன் குடுத்ததாலதான் அடங்கினான்னு சொல்றதும், எங்க சித்தப்பா ஒரு அதட்டு போட்டதாலதான் அடங்கினான்னு சொல்றதும் அதே கதைதான். அஞ்சாவது நிமிஷம் யார் முன்னாடி நின்னாங்களோ அவங்களுக்குப் பேரு.

இன்னொன்னும் அந்த அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சாங்க, எனக்கு ரொம்ப உபயோகப்பட்டது அதுதான். வெளியில இருந்து பாக்கிறப்ப ஒரே அழுகையா தெரியுது, ஆனா உள்ள ரெண்டு ஓடுது. ஒன்னு கோவம், இன்னொன்னு வருத்தம். கோவம் ஆரம்பத்துலயே சர்ருனு உச்சத்துக்குப் போயிட்டு எறங்கிடும், வருத்தம் முழுக்க இருந்துட்டே இருக்கும், கோவம் எறங்கினதும் அதுதான் மேல தெரியும். 2011ல பொட்டேகலும் ஜேம்ஸ் கிரீனும் சேந்து குழந்தைங்க போடுற டிரஸ்லயே சின்ன வயர்லெஸ் மைக் வச்சு சத்தத்தப் பதிவு பண்ணிப் பாத்தாங்க, அதுலயும் இதேதான், வீல்னு அலறுறதும் கத்துறதும் கோவத்தோட சேந்தது, சிணுங்குறதும் தேம்புறதும் வருத்தத்தோட சேந்தது. காது குடுத்துக் கேட்டா நமக்கே தெரியும். சின்னவன் கத்துறப்ப "ஆஆஆ"ன்னு வாயத் தொறந்து ஒரே தம்ல போகும், அப்புறம் ஒரு எடத்துல அது ஒடஞ்சு "ம்ம்... ம்ம்ம்"னு விட்டு விட்டு வரும், கீழ் உதடு வெளிய வரும். அந்த எடம் வர்றதுக்கு முன்னாடி நாம என்ன பேசினாலும் வேஸ்ட். கேள்வி கேட்டா இன்னும் மோசம், அவனுக்கே என்னன்னு தெரியாதப்ப பதில் சொல்லச் சொல்லி நச்சரிச்சா கோவம் டபுளாகும். கட்டிப்பிடிக்கப் போனாலும் உதைப்பான். எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு.

ஒரு ஞாயித்துக்கிழம காலையில நடந்தத சொல்றேன். தோசை. என் வொய்ஃப் சுட்டுப் போட்டா, நான் வழக்கம் போல ஆறட்டும்னு பிச்சுப் போட்டு சட்னிய ஓரமா வச்சு அவன் முன்னாடி தட்ட வச்சேன். அவன் தட்டப் பாத்தான், என்னப் பாத்தான், "முழுசா வேணும்"னான். சரிடா வேற தோசை வருது இருன்னா "அது வேணாம், இதையே ஒட்டு". தோசைய எப்படிடா ஒட்டுறது? தட்டு பறந்துச்சு, சட்னி செவுத்துல, ஆளு தரையில, காலால ஃபிரிட்ஜ உதைக்க உதைக்க மேல ஒட்டியிருந்த மேக்னட் ஒவ்வொன்னா விழுது. நான் ஒரு ஓரமா தரையில உக்காந்தேன். எட்டி உதைச்சா படாத தூரம், ஆனா அவன் கண்ணுக்குத் தெரியற எடம். "முழு தோசை வேணும்னு நெனச்ச. அப்பா பிச்சுட்டேன். கோவமா வருது." அவ்ளோதான் சொன்னேன், கேள்வியா இல்லாம, கத சொல்ற மாதிரியும் இல்லாம, நடந்தத சொல்ற மாதிரி. அதுக்கப்புறம் வாய மூடிக்கிட்டேன், இதுதான் ரொம்ப கஷ்டம், நாக்கு நுனியில "இதுக்கெல்லாமாடா அழுவாங்க"ன்னு நிக்கும், முழுங்கணும். எழுந்து வந்து என்ன அடிக்கக் கை ஓங்கினான், மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு "அடிக்க விடமாட்டேன்"னு சொன்னேன், அழுத்திப் பிடிக்கல, திட்டவும் இல்ல. மறுபடி போய் விழுந்தான். கொஞ்ச நேரத்துல அந்த "ம்ம்ம்" சத்தம் வந்துச்சு. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே பின்பக்கமா நகர்ந்து நகர்ந்து வந்து என் மடியில உக்காந்தான், இந்தப் பக்கம் திரும்பினா தோத்த மாதிரி ஆயிடுமில்ல. தண்ணி குடிச்சான். அப்புறம் அந்தப் பிஞ்ச தோசையவே சக்கரை தொட்டு சாப்பிட்டான், எதுக்குடா இவ்ளோ ஆர்ப்பாட்டம்னு கேக்கத் தோணும், கேக்கல.

செவுத்துல இருந்த சட்னிய அவனும் நானும் ஈரத்துணி வச்சு தொடச்சோம். தண்டனை எல்லாம் இல்ல, கொட்டினா தொடைக்கணும், யார் கொட்டினாலும். புத்திமதிய எல்லாம் சாயங்காலம் வச்சுக்கிட்டேன், மொட்டை மாடியில காத்தாட உக்காந்திருக்கிறப்ப "காலையில தோசைய அப்பா பிச்சதும் உனக்கு கோவம் வந்துச்சுல்ல, அடுத்த தடவ பிக்கிறதுக்கு முன்னாடியே பிக்காதன்னு சொல்லிடு"ன்னேன். நல்லா ஏறிடுச்சு போல, இப்ப வாழப்பழத்த உரிக்கப் போனாலும் "பிக்காத"ங்கிறான், பிஸ்கட் பாக்கெட்ட பிரிக்கப் போனாலும் "பிக்காத"ங்கிறான். பரவால்ல, தட்டு பறக்கல.

அன்னைக்கு இது நடந்துச்சுன்னா அதுக்குக் காரணம் என் பொறுமை இல்ல, எங்க அம்மா. அடுப்படி வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் அம்மாகிட்ட பேசியிருந்தேன். எங்க அம்மாகிட்ட போய் "நீ வராத, நீ தலையிடாத, நீ கெடுக்கிற"ன்னு சொன்னா அன்னைக்கு ராத்திரி சாப்பாடே எறங்காது அவங்களுக்கு, மறுநாள் எங்க அத்தைக்கு போன் போகும், "பேரன தூக்கக்கூட எனக்கு உரிம இல்ல"ன்னு. அதனால வேலையப் பிரிச்சேன். "ம்மா, அவன் கத்துற வரைக்கும் என் டூட்டி, சத்தம் மாறி தேம்ப ஆரம்பிச்சான் பாரு, அப்பலேந்து உன் டூட்டி. அப்ப உன் மடிதான் வேணும் அவனுக்கு, என்கிட்ட அந்த சாமர்த்தியம் இல்ல." இது ஐஸ் வைக்கிறது இல்லங்க, நெஜம். தேம்புற குழந்தைய முந்தானையில மூக்கத் தொடச்சு விட்டு, தோள்ல போட்டு, வாசல்ல காக்காவ காட்டி, எதிர் வீட்டு ஆட்டுக்குட்டி இன்னும் சாப்பிடலையாம்னு ஒரு புளுகு விட்டு, ரெண்டு நிமிஷத்துல சிரிக்க வைக்கிற வித்தை எங்க அம்மா தலமுறைக்கு கை வந்தது. தப்பான நேரத்துல, கோவம் உச்சியில இருக்கிறப்ப அத இறக்குறதுதான் பிரச்சன. ஒன்றரை வயசுக் குழந்தைன்னா எந்த நேரத்துலயும் காக்கா வேல செய்யும், மூணு வயசுல அவனுக்குத் தெரிஞ்சு போயிடுது நாம பேச்ச மாத்துறோம்னு.

அப்பா விஷயம் வேற. போன். அவருக்கு அது ஒரு மருந்து, அழுதா குடு, நிறுத்திடுவான், கண்ணு முன்னாடி ரிசல்ட் தெரியுதே. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஜென்னி ராடெஸ்கினு ஒரு குழந்தை டாக்டர் தலைமையில 3-5 வயசு குழந்தைங்க 422 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அழுகைய நிறுத்துறதுக்காக அடிக்கடி போன் டேப்லெட் குடுக்கிற வீட்ல சில மாசம் கழிச்சுப் பாத்தா கொழந்தைக்கு எரிச்சலும் பொசுக்குனு வர்ற கோவமும் கூடியிருந்துச்சாம், அதுலயும் ஆம்பளப் பசங்களுக்கும் ஏற்கனவே துறுதுறுன்னு இருக்கிற பசங்களுக்கும் அதிகமா. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2021ல ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேணாம், அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு சொல்லிடுச்சு. இத எல்லாம் அப்பாகிட்ட சொன்னா கேப்பாரா? "அமெரிக்காக்காரன் சொல்லிட்டானா"ம்பாரு. அவருகிட்ட சொன்னது ஒன்னே ஒன்னுதான், "ப்பா, அவன் சிரிச்சிட்டு இருக்கிறப்ப நீங்க போன் குடுங்க, நேரம் நீங்களே முடிவு பண்ணுங்க, அழறப்ப மட்டும் வேணாம், இல்லாட்டி போன் வேணும்னாலே அழணும்னு பழகிடுவான்". இது அவருக்குப் புரிஞ்சுது, ரேஷன் கடையில சத்தம் போட்டவனுக்கு முதல்ல பொருள் குடுத்தா அடுத்த மாசம் எல்லாரும் சத்தம் போடுவாங்கன்னு அவரே வெளக்கம் குடுத்தாரு. முன்ன ரேஷன் கடையில வேல பாத்தவரு.

அது உண்மையும் கூட. முடியாதுன்னு சொல்லிட்டு பத்து தடவையில ஒரு தடவ குடுத்துட்டாலும் போதும், அந்த ஒரு தடவைக்காக அவன் ஒம்போது தடவ கத்தத் தயாரா இருப்பான். இன்னொன்னு, நிறுத்தணும்னு முடிவெடுத்த முதல் சில நாள் அடம் கொறையாது, கூடும். நேத்து வரைக்கும் வேல செஞ்சது இன்னைக்கு ஏன் செய்யலன்னு அவன் இன்னும் சத்தமா ட்ரை பண்ணிப் பாப்பான். நிறைய பேரு இங்கதான் விட்டுடுறாங்க, "இந்த முறை நம்ம பையனுக்கு ஒத்து வரல"ன்னு. அதனால நானும் என் வொய்ஃபும் வச்சிருக்கிற பழக்கம், முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி யோசிக்கிறது. கடையில பில் போடுற எடத்துல அவன் கண்ணு மட்டத்துல தொங்குது முட்டை சாக்லேட், வாங்கித் தரதா இருந்தா கேட்ட உடனே "சரி"ன்னு சொல்லிடு, அவன் விழுந்து பொரண்டதுக்கு அப்புறம் சொல்லாத. இல்லைன்னு சொல்லிட்டா இல்லதான், முதலமைச்சரே வந்து சிபாரிசு பண்ணாலும். எனக்கு முடியலன்னா நான் அவகிட்ட "கேஸ ஆஃப் பண்ணியா"ன்னு கேப்பேன், அது எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் புரியற சங்கேதம், இதுக்கு மேல நான் இருந்தா நானும் கத்துவேன், நீ வந்து நில்லுன்னு அர்த்தம். அவ வருவா, நான் போய் மூஞ்சி கழுவிட்டு வருவேன். ஆள் மாறலாம், பதில் மாறக் கூடாது.

பாதி அடம் வர்றதுக்குக் காரணமே பசியும் தூக்கமும்தான், இது நம்ம பாட்டிங்களுக்கும் தெரியும், மின்னசோட்டாவுல ஃபுளோரன்ஸ் குட்எனஃப்ங்கறவங்க 1931லயே அம்மாக்கள டைரி எழுத வச்சுப் பாத்து சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியும் தூங்குற நேரத்துலயும் ஒடம்பு சரியில்லாதப்பயும் குழந்தைங்க கோவம் கூடுதுன்னு எழுதி வச்சிருக்காங்க. எங்க வீட்ல ஸ்கூல் வேன் வந்து எறக்கி விட்டதும் பேச்சே கெடையாது, ஷூவக்கூட கழட்ட வேணாம், முதல்ல கையில ஒரு வாழப்பழமோ ஒரு கிண்ணம் சுண்டலோ. தூக்கம்தான் இன்னும் தகராறு. மூணு நாலு வயசுக்கு பகல் தூக்கமும் சேத்து பத்துலேருந்து பதிமூணு மணி நேரம் வேணுங்கறாங்க. சீரியல் முடிய ராத்திரி பத்தரை, காலையில ஏழு மணிக்கு எழுப்பி குளிக்க வச்சு வேன்ல ஏத்தணும், கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தக் கணக்க அம்மாகிட்ட இன்னும் நான் காட்டல, சீரியல்ல கை வைக்கிறதுக்கு தனி தைரியம் வேணும்.

ஒப்பிடுறத சொல்லாம விடக்கூடாது. எங்க பெரியவ அடம் பிடிச்சே நாங்க பாத்தது இல்ல, குடுத்தத சாப்பிடும், போட்டுவிட்டத போட்டுக்கும். சொந்தக்காரங்க யாரு வந்தாலும் சின்னவன் காதுபடவே "அக்கா எவ்ளோ சமத்து, இவன் யார மாதிரி"ம்பாங்க. நியூயார்க்ல அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு டாக்டர் தம்பதி 1956ல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா அதே குழந்தைங்கள பின்தொடர்ந்து பாத்தவங்க, அதுல ஒரு 40 சதவீதம் பெறந்ததுலேருந்தே சுலபமான குழந்தைங்க, 10 சதவீதம் கஷ்டமான ரகம், 15 சதவீதம் புதுசு எதுக்கும் மெதுவாதான் ஒத்துப் போறவங்க, மீதி எல்லாம் கலவை. நாங்க ரெண்டு பேரும் பெரியவளுக்கு சூப்பர் பேரன்ட்ஸ்னு நெனச்சுட்டு இருந்தோம், அவ அந்த 40ல பெறந்திருக்கா, அவ்ளோதான் விஷயம். பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு பழனி மலையில போய் நின்னவரும் பக்கத்துலயே சமத்தா பழத்த வாங்கிக்கிட்டவரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே.

அடி விஷயம் வராம இருக்காது. "உன்ன எல்லாம் அடிச்சுதான் வளத்தேன், என்ன கெட்டுப் போயிட்ட?" அம்மா கேக்கிறது. இதுக்கு நான் வாதாடுறது இல்ல. ஸ்கூல்ல புள்ளைங்கள அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, வீட்டுக்குள்ள அப்படி ஒரு சட்டம் வரல, அதனால வீட்ல பழமொழிதான் சட்டம், அடியாத மாடு படியாதுன்னு. அடிச்சா சத்தம் நிக்கும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அடுத்த அரை மணி நேரத்துல அவன் போய் அக்காவ அடிப்பான், அதே மாதிரி கைய ஓங்கி, அதே வசனத்தோட. பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுற டாக்டர் கதையும் இப்படித்தான், காய்ச்சல்ல ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போறப்ப தெரியும் அதோட விலை.

போன தை மாசம் ஸ்ரீரங்கத்துல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். மண்டபத்து வாசல்ல கேஸ் பலூன்காரர், வாங்கிக் குடுத்தோம், முகூர்த்த நேரம் பாத்து கயிறு கை நழுவி பலூன் சீலிங்ல போய் ஒட்டிக்கிச்சு. மேளம் உச்சத்துல, இவன் அதுக்கு மேல. அட்சதையோட நிக்கிற அத்தன பேரும் திரும்பிப் பாக்கிறாங்க, வீடியோகாரர் லைட்ட இந்தப் பக்கம் திருப்புறாரு, ஒரு சித்தப்பா "ரெண்டு வச்சா சரியாப் போகும்"ங்கிறாரு. தூக்கிட்டு பின்பக்கம் கை கழுவுற எடத்துக்கு வந்துட்டேன், சாம்பார் வாளி எல்லாம் கழுவி கவுத்து வச்சிருந்தாங்க, அங்க எறக்கி விட்டேன், உருளட்டும். வெளியிடம்னா என்னோட ஒரே வழி இதுதான், பாக்கிறவங்க இல்லாத எடத்துக்குத் தூக்கிட்டுப் போறது, அவனுக்காக பாதி, என் மானத்துக்காக பாதி. பின்னாடியே ஒரு பெரியம்மா சாக்லேட்ட உரிச்சுக்கிட்டே வந்தாங்க. எங்க அம்மா குறுக்க வந்து நின்னு "இப்ப எதுவும் குடுக்காதக்கா, இன்னும் கோவம் எறங்கல, எறங்கினதும் நான் பாத்துக்கிறேன், நீ போய் மொத பந்தியில உக்காரு"ன்னாங்க. எனக்கு சிரிப்பு தாங்கல. பெரியம்மா முகம் சுண்டிப் போச்சு, அத சரி பண்ண அம்மா அப்புறம் பத்து நாள் போன்ல பேச வேண்டி இருந்துச்சு.

கடைசியா, எது சாதாரண அடம் இல்லங்கறதையும் சொல்லணும். என் ஃபிரண்டு பொண்ணு, ஒன்றரை வயசு, அழுது அழுது மூச்ச வெளிய விட்டவ திரும்ப உள்ள இழுக்கவே இல்ல, உதடு நீலமாகி துவண்டு போயிட்டா. வீட்ல ஒருத்தர் மூஞ்சில தண்ணி அடிக்க ஒருத்தர் கையில இரும்புச் சாவிய திணிக்க ஒரே ரகளை. ஆறு மாசத்துலேருந்து ஆறு வயசு வரைக்கும் சில குழந்தைங்களுக்கு இது வரும், வேணும்னே பண்றது கெடையாது, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள தானா மூச்சு வந்துடும். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் வைக்கக் கூடாது, புடிச்சு உலுக்கக் கூடாது, ஒரு நிமிஷம் தாண்டியும் மூச்சு வரலன்னா 108. முதல் தடவ வந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டணும், அது ஃபிட்ஸா இருதயமான்னு பாக்கிறது அவங்க வேல. ரத்தத்துல இரும்புச் சத்து கம்மியா இருந்தாலும் இது வரும், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற நம்ம நாட்டுக் குழந்தைங்கள்ல 67 சதவீதத்துக்கு ரத்தசோகை, அப்ப யோசிச்சுக்கங்க. அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்துப் பாத்து அயர்ன் சிரப் குடுத்தாங்க, அதுக்கப்புறம் கொறஞ்சிடுச்சு.

அதே மாதிரி ஒவ்வொரு தடவையும் இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல போகுது, தலைய செவுத்துல மோதிக்கிறான், தன்னையே கடிச்சுக்கிறான், அடங்கவே தெரியல, இல்ல ரெண்டு வயசு தாண்டியும் வார்த்தையே வரல, அதனால கத்துறான்னு தோணுச்சுன்னா "வளந்தா சரியாயிடும்"னு சொல்றவங்க பேச்ச கேட்டு உக்காந்திருக்காதீங்க. மாவட்ட அளவுல அரசு ஆஸ்பத்திரிகள்ல டிஇஐசின்னு குழந்தைங்களுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, 2013ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்தது. காது டெஸ்ட்லேருந்து பேச்சுப் பயிற்சி வரைக்கும் அங்க பாக்கிறாங்க, காசு கெடையாது.